பேட்டரி ஸ்ட்ராப்பிங் டூல்: பாதி டென்ஷனில் வழுக்குது, வெல்டும் பிரியுது

நூல்பேக்கிங்:
வணக்கம். ஸ்பின்னிங் மில்லில் கோன் பெட்டிகளை பேலட்டில் அடுக்கி, 16 மி.மீ அகலம், 0.8 மி.மீ கனமுள்ள பெட் (PET) பிளாஸ்டிக் ஸ்ட்ராப் போடறோம். ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கி, ஒட்டி, மிச்சத்தை வெட்டற டூல் 18 வோல்ட், உராய்வு வெல்டு வகை (ஸ்ட்ராப்பை ஸ்ட்ராப்போட தேய்ச்சு, அந்தச் சூட்டில் ஒட்டறது). மூணு தொந்தரவு:

டென்ஷன், அதாவது ஸ்ட்ராப் இறுக்கம், பாதி ஏறினதும் அதை இழுக்கிற வீல் கர்ருனு சுத்துது, ஸ்ட்ராப் நகரமாட்டேங்குது, வெள்ளைப் பொடி கொட்டுது. டென்ஷன் சரியா ஏறினாலும் லீவரைத் தூக்கினதும் சில ஒட்டு வாயைப் பிளக்குது. வெல்டு டைம் செட்டிங்கை (எவ்வளவு நேரம் தேய்க்கணும்ங்கிற எண்) 3-லிருந்து 5-க்கு ஏத்தியாச்சு. ஓரத்தில் உருகி வழியுதே தவிர பிரியறது நிக்கலை. மதியத்துக்கு மேல பேட்டரியில் சார்ஜ் காட்டற விளக்கு மூணு எரியும்போதே டூல் அணைஞ்சிடுது. சர்வீஸ் ஆள் மோட்டார் போச்சுங்கிறார். அப்படியும் இருக்குமா? ஸ்ட்ராப் ரோல் சமீபத்தில்தான் வேற இடத்திலிருந்து மாத்தினோம்.

டூல்ரூம்:
வீல் சுத்துதுன்னா மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைங்க. மோட்டார் போனா வீல் திணறி நிக்கும், இப்படி சுத்தி ஸ்ட்ராப்பை அரைக்காது. மோட்டாருக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

டூலுக்குள்ள ரெண்டு ஸ்ட்ராப் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. மேல் ஸ்ட்ராப்பை டென்ஷன் வீல் இழுக்குது. கீழ் ஸ்ட்ராப்பை வீலுக்கு அடியில் இருக்கிற பல்லு வச்ச பிளேட் அசையாம பிடிக்குது. இதில் எது வழுக்குதுன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க. டூலை மாட்டறதுக்கு முன்னாடி, ஸ்ட்ராப்பின் நுனி பக்கமும் (அதுதான் கீழ் ஸ்ட்ராப்) பெட்டியும் சேர்ந்தாப்பல மார்க்கரில் ஒரு கோடு போடுங்க. டென்ஷன் ஏத்தும்போது ஸ்ட்ராப்பில் இருக்கிற கோடு பெட்டிக் கோட்டை விட்டு நகர்ந்தா கீழ் பிளேட்தான் விடுது. கோடு அப்படியே இருந்து வீல் மட்டும் சுத்தினா வீல் பல்லு. பொடியும் காட்டிக் கொடுக்கும்: மேல் ஸ்ட்ராப்பின் மேல்முகத்தில் அரைச்ச தடம் இருந்தா வீல், கீழ் ஸ்ட்ராப்பின் அடிமுகத்தில் இருந்தா பிளேட்.

பெரும்பாலும் பல்லு தேய்ஞ்சிருக்காது, அடைச்சிருக்கும். வழுக்கின ஸ்ட்ராப் பொடியாகி, அந்தச் சூட்டிலேயே பல்லு இடுக்கில் மெழுகு மாதிரி அப்பிக்கும். அதனால் இன்னும் வழுக்கும். ஸ்பின்னிங் மில்லில் இதோட பஞ்சும் சேர்ந்துக்கும். பேட்டரியைக் கழட்டி வச்சுட்டு, மூடியைத் திறந்து வீலை வெளிய எடுத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பல்லு ஓடற திசையிலேயே தேயுங்க. ஸ்க்ரூடிரைவரால் குத்திச் சுரண்டினா பல்லு முனை போயிடும். எண்ணெய், கிரீஸ் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஏர் அடிக்கறதா இருந்தா பேரிங் பக்கம் திருப்பாம, உள்ளிருந்து வெளிய போற மாதிரி அடிங்க, கண்ணாடி போட்டுக்குங்க. சுத்தம் பண்ணினப்புறம் பல்லு முனையில் வெள்ளி மாதிரி தட்டையா மின்னினா அது தேய்மானம், மாத்தியே ஆகணும்.

இன்னொண்ணு. வீல் கடிச்சுக் குதறின பகுதி வெட்டுக்கு அந்தப் பக்கம், ரோல் பக்கத்தில்தான் நிக்கும். அடுத்த பேலட்டுக்கு அதுதான் நுனி, அதுதான் வெல்டுக்குள்ள போகுது. வழுக்கின தடவை அந்த நுனியைக் கத்தரிச்சு எறிஞ்சுட்டு அடுத்ததைப் போடுங்க.

வெல்டுபார்ப்பவர்:
வெல்டு டைமை மறுபடி 3-க்கே கொண்டு வாங்க. ஓரத்தில் வழிகிறது, ஆனாலும் பிரிகிறது என்றால் சூடு குறைவு இல்லை, சூடு ஒரே இடத்தில் சேர்கிறது.

வெல்டு நடக்கும் இடத்தில், மேல் கிரிப்பர் (பல் வைத்த கவ்வி) மேல் ஸ்ட்ராப்பைக் கவ்விக்கொண்டு, அசையாத கீழ் ஸ்ட்ராப்பின் மேல் வேகமாக முன்னும் பின்னும் ஆட்டுகிறது. தேய்கிற சூட்டில் இரு முகமும் மெல்லிய படலமாக உருகும், ஆட்டம் நிற்கும், அழுத்தம் மட்டும் தொடரும், அப்போதுதான் ஒட்டு இறுகும். கிரிப்பர் பல்லில் அழுக்கு இருந்தால் ஸ்ட்ராப் ஸ்ட்ராப்போடு தேயாமல் கிரிப்பரோடு தேயும்.

ஒட்டின இடத்தை வெட்டி எடுத்துக் கையால் பிரித்துப் பாருங்கள். நல்ல வெல்டு என்றால் லேசில் பிரியாது. பிரித்தால் அகலம் முழுக்க சொரசொரவென்று, நார் கிழிந்ததுபோல் இருக்கும். வழவழவென்று பளபளத்து, பொடி உதிர்ந்தால் வெல்டு போதவில்லை. ஓரத்தில் கனமான உருகல் மணி, மடித்தால் படக்கென்று ஒடிகிறது என்றால் அளவுக்கு மீறிவிட்டது. பாதி அகலம் சொரசொரப்பு, பாதி பளபளப்பு என்றால் டைமைத் தொடவே வேண்டாம்: ஸ்ட்ராப்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராக உட்காரவில்லை, டூல் சாய்ந்திருக்கிறது, அல்லது கிரிப்பரின் ஒரு பக்கம் அடைத்திருக்கிறது. பேலட் விளிம்பில் வைத்து அடித்தால் டூலின் அடித்தட்டு தட்டையாக உட்காராது, அதனாலும் இப்படி ஆகும்.

லீவரை எப்போது தூக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பெட் 250 டிகிரி செல்சியஸ் சுமாரில்தான் உருகும். சூடு ஆறுவதற்குள் தூக்கினால், ஏற்றி வைத்த டென்ஷன் முழுக்க இளகிய ஒட்டின்மேல் விழும். டூலின் விளக்கோ பீப் ஒலியோ சொல்லும்வரை கை வைக்கக் கூடாது. லோடு ஏற்றும் அவசரத்தில் முதலில் அடிபடுவது இந்த இரண்டு மூன்று விநாடிதான்.

செல்கணக்கு:
பேட்டரி பற்றி மட்டும். 18 வோல்ட் பேக்கில் தொடரில் 5 லித்தியம் செல் வரிசை. முழு சார்ஜில் ஒன்றுக்கு 4.2, ஆக 21 வோல்ட் காட்ட வேண்டும். ஆனால் இது சும்மா இருக்கும்போது காட்டுவது. செல் வயசானால் உள்தடை ஏறும். டென்ஷனின் கடைசிக் கட்டத்தில் மோட்டார் கரண்டை உறிஞ்சும்போது வோல்டேஜ் சரிந்து, பாதுகாப்பு சர்க்யூட் அணைத்துவிடும். உங்கள் மூணு விளக்குக்கு அர்த்தம் இதுதான். வேறு நல்ல பேட்டரியைப் போட்டு அதே டென்ஷனில் அடியுங்கள். ஓடினால் டூலில் குறை இல்லை. அதற்கு முன் பேட்டரி முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள், பஞ்சு உட்கார்ந்தாலும் இதே அறிகுறி வரும். டென்ஷனும் வெல்டும் பல டூல்களில் ஒரே பேட்டரியில், ஒரே மோட்டாரில் ஓடுகின்றன. வோல்டேஜ் தளர்ந்தால் சில டூல்களில் ஆட்டத்தின் வேகமும் குறைந்து வெல்டு நோஞ்சானாகும்.

45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஓடிச் சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் சொருகாமல் ஆறவிடுங்கள். சார்ஜரை மெஷின் ஹாலில் இல்லாமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

நூல்பேக்கிங்:
ரொம்ப நன்றிங்க. கோடு போட்டுப் பார்த்தோம், நுனி பக்கம்தான் நகருது. கீழ் பிளேட்டில் பல்லே தெரியாத அளவுக்கு அப்பியிருந்தது, சுத்தம் பண்ணினதும் டென்ஷன் பிடிக்குது. வெல்டு பிரிச்சா ஒரு பக்கம் பளபளப்பு. வேற பேட்டரியில் டூல் அணையலை. ஆனா இப்ப புதுசா ஒண்ணு: சில ஸ்ட்ராப் வெல்டு விளிம்பிலேயே அறுந்து போகுது. ரோலில் 0.8-னு போட்டிருக்கு, மைக்ரோமீட்டரில் 0.68 வருது.

டூல்ரூம்:
அறுபடறது எந்தப் பக்க விளிம்பு? வெட்டுப் பக்கம்னா கட்டர் பிளேடுங்க. பிளேடு மேல் ஸ்ட்ராப்பை மட்டும்தான் வெட்டணும், அதுக்கு அடியில் இருக்கிற கீழ் ஸ்ட்ராப்தான் பாரம் தாங்கற பக்கம். 0.8-க்கு வச்ச ஆழம் 0.68-க்கு அதிகம், கீழே கீறல் விழும். ஒட்டின ஸ்ட்ராப்பை வெளிச்சத்தில் மடிச்சுப் பாருங்க, நகக்கீறல் மாதிரி ஒரு கோடு குறுக்கே தெரியும். பிளேடு உயரத்தைக் கொஞ்சமா ஏத்தி, மேல் ஸ்ட்ராப் சுத்தமா வெட்டுப்படணும், கீழ் ஸ்ட்ராப்பில் தடம் விழக்கூடாது, அந்த இடத்தில் நிறுத்துங்க. பிளேடு மழுங்கியிருந்தா முதல்ல அதை மாத்திட்டு அப்புறம் உயரம் வைங்க.

பளபளப்புக்கு ஸ்ட்ராப் அகலத்தையும் காலிப்பரில் பாருங்க. 16-க்கு வச்ச கைடில் 15.5 ஓடினா ஸ்ட்ராப் ஆடி ஒரு பக்கம் ஒதுங்கும்.

கனம் 0.68-னா குறுக்குவெட்டு 15 சதவீதம் குறைவு, தாங்கற பலமும் அவ்வளவு குறையும். டென்ஷனையும் அதே கணக்கில் இறக்கிட்டு, வெல்டு டைமை 3-லிருந்து ஒவ்வொரு எண்ணா மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒட்டைப் பிரிச்சுப் பாருங்க. ரோல் கொடுத்தவர்கிட்ட கனத்தை பில்லில் எழுதி வாங்குங்க. இழுத்துச் சோதிக்கும்போது ஸ்ட்ராப்புக்கு நேரா யாரும் நிக்க வேண்டாம்.