8 அடிக்கு ஒரு அங்குலம் போதுமாம், கேட்டுக்கொள்ளுங்கள்

கல்குளத்தான்:
பழைய ஓட்டு வீட்டுக் குளியலறையை ஆள் வைக்காமல் தானே மாற்றிவிட்டதாக மார்த்தாண்டம் தேன் நேற்று போட்ட பதிவைப் படித்தேன். படம் நன்றாக இருக்கிறது, டைல்ஸ் நிறமும் நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வாட்டத்தைப் பற்றி, அதாவது தண்ணீர் ஓடி வடியத் தரைக்குக் கொடுக்கிற சரிவைப் பற்றி, நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள்: "8 அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் வாட்டம் போதும், அதற்கு மேல் வேண்டும் என்கிற கொத்தனார் கூலியைக் கூட்டப் பார்க்கிறான்." என்ன தைரியம்! அடிக்குக் கால் அங்குலம் என்று கரண்டி பிடித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 8 அடிக்கு 2 அங்குலம். என் அப்பா இரணியல் முதல் குலசேகரம் வரை வீடு கட்டியவர், ஒரு வீட்டிலும் தண்ணீர் தேங்கியது என்று யாரும் வந்து நின்றதில்லை. சோப்புத் தண்ணீர் மூலையில் நின்று பாசி பிடித்து, வீட்டில் வயதானவர்கள் வழுக்கி விழுந்த பிறகு மிச்சம் பிடித்த கூலியை எண்ணிக்கொண்டிருங்கள்.

மார்த்தாண்டம் தேன்:
அண்ணாச்சி, வணக்கம். வெட்டுகல் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தது, கோழிவலை அடித்துப் பூசியது, வெந்நீருக்கு சிபிவிசி பைப் தனியாக இழுத்தது என்று அவ்வளவு நீளமாக எழுதியிருந்தேன். உங்கள் கண்ணுக்கு அந்த ஒரு வரிதான் பட்டிருக்கிறது, சரி. 8 அடி என்றால் 96 அங்குலம். ஒரு அங்குலம் இறக்கினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. டைல்ஸ் போட்ட தரைக்கு அது தாராளம். நீங்கள் சொல்வது 48-க்கு ஒன்று. நான் கட்டியது குளியலறை, ரப்பர் பால் வண்டி ஏற்றுகிற சாய்தளம் இல்லை.

கல்குளத்தான்:
கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. கணக்கில் ஓடுகிற தண்ணீர் வேறு, தரையில் ஓடுகிற தண்ணீர் வேறு. நூற்றுக்கு ஒன்று என்பது கை சுத்தமான மேஸ்திரி போட்டால். நீர் போட்ட தரையில் ஒரு டைல்ஸ் நூலளவு தூக்கி நின்றாலே அந்த ஒரு அங்குலம் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். அதற்காகத்தான் கால் அங்குலம் என்று வைத்தார்கள். அடிக்குக் கால் அங்குலம். எழுதி வைத்துக்கொள்ளும்.

முட்டம் காத்து:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். தண்ணீர் வெளியே போகிற ட்ராப் எங்கே இருக்கிறது? எதிர்ச் சுவர் நடுவிலா, மூலையிலா? 8-க்கு 5 அறை என்றால் மூலைக்கு மூலை அளந்தால் ஒன்பதரை அடி வரும். இந்த ஒரு அங்குலம், 2 அங்குலம் எல்லாம் எங்கிருந்து எங்கே என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம், கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ட்ராப் மூடிக்கு 202 ரக ஸ்டீல் வாங்காதீர்கள், உப்புக் காற்றில் சீக்கிரமே துருக்கறை விழும். 304 கேட்டு வாங்குங்கள்.

கல்குளத்தான்:
ட்ராப் எங்கே இருந்தால் என்ன? அடிக்குக் கால் அங்குலம் என்றால் எங்கே இருந்தாலும் கால் அங்குலம்தான்.

மார்த்தாண்டம் தேன்:
சரி, உங்கள் 2 அங்குலத்தையே எடுத்துக்கொள்வோம். என் வீட்டில் ட்ராப் கதவுக்கு எதிர்ப்பக்கம். ட்ராப் மட்டத்திலிருந்து 2 அங்குலம் ஏற்றிக்கொண்டே வந்தால் கதவடியில் குளியலறைத் தரையும் படுக்கையறைத் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தாத்தா காலத்து அயனி மரக் கதவு, அடியை அறுத்தால்தான் திறக்கும். அறுத்தாலும் வாளி கவிழ்ந்தால் தண்ணீர் கட்டிலுக்குக் கீழே போகும். இதையெல்லாம் நேரில் வந்து பார்த்தா சொல்கிறீர்கள்?

கல்குளத்தான்:
பழைய வீட்டுத் தரைதளம்தானே வே? அடியில் மண்தானே இருக்கிறது, காங்கிரீட் தளமா இருக்கிறது? தரையைக் கொத்தி ட்ராப்பை 2 அங்குலம் இறக்கி வைத்திருக்க வேண்டும். கொத்துவதற்கு முதுகு வலித்தது என்று நேராகச் சொல்லும், சாஸ்திரம் பேச வேண்டாம்.

மார்த்தாண்டம் தேன்:
ட்ராப்பை இறக்கினால் அதிலிருந்து வெளியே போகிற 75 எம்எம் பைப்பையும் இறக்க வேண்டும். பைப்பை இறக்கினால் வெளியே இருக்கிற கழிவுநீர்ச் சேம்பரையும் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு பக்கத்து விளைக்காரனிடம் போய் அவன் நிலத்தை இறக்கித் தா என்று கேட்கட்டுமா அண்ணாச்சி?

திங்கள்சந்தை அக்கா:
குளியலறையைக் கழுவுகிற ஆள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். என் தம்பி வீட்டில் இந்த 2 அங்குல வாட்டத்தை நம்பிப் போட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிப்பார்கள். ஸ்டூல் நான்கு காலும் ஊன்றி நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் பழைய செருப்பை வெட்டி வைத்திருக்கிறார்கள். வாட்டத்தை விடுங்கள், சொரசொரப்பான டைல்ஸ் போட்டீர்களா, பிடித்து எழும்ப சுவரில் கம்பி வைத்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

கல்குளத்தான்:
அக்கா, உங்கள் தம்பி வீட்டில் போட்டவன் வாட்டத்தைச் சீராகப் போடவில்லை, அதுதான் ஸ்டூல் ஆடுகிறது. சீரான வாட்டத்தில் ஸ்டூல் சாயும், ஆடாது. கால் அங்குலத்தின் மேல் பழி போடாதீர்கள்.

திங்கள்சந்தை அக்கா:
சாய்ந்தால் மட்டும் அம்மா விழ மாட்டார்களா?

தோவாளைக்காரன்:
பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்த் தரையைப் பாருங்கள் எல்லோரும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டது என்பார்கள், இன்றைக்கும் முகம் தெரிகிறது. இந்த டைல்ஸும் வேண்டாம், அதை ஒட்டுகிற பசையும் வேண்டாம். நம் மண்ணில் இல்லாத வித்தையா?

மார்த்தாண்டம் தேன்:
அந்தத் தரையில் யார் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறார்கள்? கூரைக்குக் கீழே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற தரை. ஒருநாள் ஷாம்பு ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கேரளத் தொல்லியல் துறை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.

தோவாளைக்காரன்:
அதுதான் கேட்கிறேன், 1956 நவம்பர் 1-ல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தாயிற்று, அரண்மனைக்கு மட்டும் ஏன் இன்னும் கேரளாக்காரன் டிக்கெட் கிழிக்கிறான்? இதைப் பேச உங்களுக்கு வாய் வராது.

முட்டம் காத்து:
குளியலறைப் பேச்சில் எல்லைப் போராட்டமா! ட்ராப் எங்கே என்று இன்னும் பதில் வரவில்லை. கதவுக்கு எதிர்ப்பக்கம் என்றால் நடுவா, மூலையா? மூலை என்றால் இரண்டு திசையிலும் வாட்டம் இறங்க வேண்டும். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் அதற்கு வளையாது, மூலைவாட்டில் வெட்டித்தான் போட வேண்டும். படத்தில் வெட்டின கோடு எதுவும் தெரியவில்லையே?

கல்குளத்தான்:
பார்த்தீர்களா! வெட்டவே இல்லை. நான் முதலிலேயே சொன்னேன், ஒரு அங்குலம்கூட அங்கே கிடையாது.

மார்த்தாண்டம் தேன்:
ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாதவர்கள் வாட்டம் அளக்க வந்துவிட்டார்கள். போன வருடம் செப்டிக் டேங்க் பேச்சிலும் இதே கதைதான். காற்றுக் குழாய் வேண்டாம் என்று அடித்துப் பேசியது யார்?

கல்குளத்தான்:
பழசைக் கிளறாதீர் ஓய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கிணற்றுப் பக்கம் வைக்காதே என்று சொன்னேன். படிக்கத் தெரிந்தவர்கள் போய்ப் படித்துப் பார்க்கட்டும். இப்போது பேச்சு அது இல்லை. நீர் தண்ணீர் கட்டிப் பார்த்தீரா? ட்ராப்பை அடைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, ஒரு முழு நாள் விட்டு, வெளிச்சுவர் அடியில் ஈரம் வருகிறதா என்று பார்த்தீரா? வெட்டுகல் தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலம் இரண்டு முறை வருகிற ஊரில் அந்த ஈரம் எப்போது காயும்? டைல்ஸுக்கு அடியில் கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்தீரா, சிமெண்டுப் பாலை ஊற்றிவிட்டு ஒட்டினீரா? அதைப்பற்றி ஒரு வரியும் உம் பதிவில் இல்லை. நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாரும், பொள்ளையாகச் சத்தம் கேட்கிறதெல்லாம் ஒருநாள் பெயர்ந்து வரும். என் அப்பா இதையெல்லாம் பள்ளிக்கூடம் போகாமல் தெரிந்து வைத்திருந்தார், உமக்கு யூடியூப் இருந்தும் தெரியவில்லை. அடிக்குக் கால் அங்குலம் போட்டிருந்தால் இவ்வளவு பேச்சுக்கு இடமே இல்லை.

மார்த்தாண்டம் தேன்:
பூச்சு இரண்டு கை அடித்தேன், சுவரில் ஒரு அடி உயரம் வரைக்கும் ஏற்றி அடித்தேன். பதிவில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அந்த ஒரு வரிதானே வேதம்.

வில்லுக்குறி ஒயர்மேன்:
இடையில் வருகிறேன், மன்னிக்க வேண்டும். படத்தில் கெய்சருக்கு வருகிற ஒயர் பழைய விளக்கு லைனில் இருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. 2000 வாட் கெய்சர் ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும். போர்டில் இருந்து தனி லைன், எர்த், கரண்டு கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, இந்த மூன்றும் இல்லாமல் ஈரமான இடத்தில் அதைப் போடாதீர்கள்.

மார்த்தாண்டம் தேன்:
கரண்டு வேலையை ஆள் வைத்துத்தான் செய்தேன் அண்ணே. அது தனி லைன்தான்.

கல்குளத்தான்:
அப்போ "ஆள் வைக்காமல்" என்று தலைப்புப் போட்டது பொய்! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பிலேயே பொய் சொன்ன ஆள் வாட்டத்தில் மட்டும் உண்மை சொல்வாரா? ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். ரசமட்டம் என்னுடையது கொண்டு வருகிறேன், உம்முடையதை நம்ப முடியாது.

மார்த்தாண்டம் தேன்:
என் வீட்டுக் குளியலறையை அளக்க நீர் யார்? பஞ்சாயத்தில் இருந்து அனுப்பினார்களா? ஒரு அங்குலம் போதும். போட்டேன், தண்ணீர் ஓடுகிறது.

தோவாளைக்காரன்:
அரண்மனை டிக்கெட் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்கிறேன்.

கல்குளத்தான்:
ஓடுகிறது என்றால் வீடியோ போடும். பக்கவாட்டில் இருந்து எடுத்துப் போடும், மேலிருந்து வேண்டாம்.