மானிட்டரில் 44, கையால் எண்ணினால் 66

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். 3 மாதக் குழந்தை, பெரிய விஎஸ்டி (இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை), எடை 4 கிலோ, நீர் பிரிய ஃப்ரூசிமைடு மருந்து போகிறது. நேற்று இரவிலிருந்து மானிட்டர் மூச்சு 44 என்கிறது. தூங்கும்போது வயிற்றில் கை வைத்து முழுதாக 60 விநாடி எண்ணினால் 66. கூட இருந்த சிஸ்டருக்கு 64. காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் 96. பால் குடிக்கையில் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்குகிறது, நெற்றி முத்து முத்தாக வியர்க்கிறது, விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. டாக்டரிடம் சொல்லியாச்சு, சார்ட்டில் கை எண்ணிக்கையைத்தான் எழுதுகிறேன்.

மானிட்டர் மூச்சை எண்ணுவதற்காக உடம்பில் ஒட்டும் மூன்று எலக்ட்ரோடையும் புதிதாக ஒட்டினேன், கேபிளை மாற்றினேன், அப்புறம் வேறு மானிட்டரும் வைத்தாயிற்று. அதே கதை.

வயிற்றால் மூச்சுவிடும் இந்த வயசுக் குழந்தைக்குக் கீழ் எலக்ட்ரோடை எங்கே ஒட்டுகிறீர்கள்?