கரண்ட் போய் வந்தால் எஸ்டிபி, எஸ்டிசி இடம் மாறுகிறது: டிஸ்க்கை எந்தப் பெயரில் பிடிப்பது?

குடியாத்தம்_ஸ்டாக்
வணக்கம். லுங்கி மொத்தக் கடைக் கணினி. எஸ்எஸ்டியில் உபுண்டு 22.04. யூஎஸ்பியில் இரண்டு டிஸ்க்: 2 டிபி (பில், ஸ்டாக்), 4 டிபி (பேக்கப்). இரண்டும் எக்ஸ்ட்4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்). எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் வர வேண்டும் என்ற பட்டியல்) எஸ்டிபி1, எஸ்டிசி1 என்று எழுதியிருக்கிறது. கரண்ட் போய்த் திரும்பினால் சில நாள் ஸ்டாக் ஃபோல்டரில் பேக்கப் டிஸ்க் வந்து நிற்கிறது. பக்கத்து விண்டோஸ் கணினியிலும் இதே தொல்லை: பென் டிரைவ் முதலில் சொருகியிருந்தால், ஈ ஆக இருந்த பேக்கப் எஃப் ஆகிவிடுகிறது. நிலையான வழி என்ன? லேபிளாக ‘வேலூர்’ என்று தமிழிலேயே வைக்கலாமா?

பாலாறு_அட்மின்
எஸ்டிபி என்பது டிஸ்க்கின் பெயரே இல்லைங்க, வந்து சேர்ந்த வரிசை. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதலில் பார்த்ததற்கு ஏ, அடுத்ததற்கு பி. யூஎஸ்பி டிஸ்க் சுழன்று தயாராக எடுக்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்காது. காட்பாடி ஜங்ஷனில் பிளாட்ஃபார்மை வைத்தா வண்டியைச் சொல்வோம்? வண்டி எண்ணைத்தானே பார்க்கிறோம். இங்கே அந்த எண் யூயூஐடி. ஃபார்மேட் செய்யும்போது எக்ஸ்ட்4 தன் சூப்பர்பிளாக்கில் (தன் விவரங்களை வைக்கும் இடம்) எழுதிக்கொள்ளும் 128 பிட் எண் அது. கேபிள், போர்ட், கணினி எது மாறினாலும் மாறாது. மறுபடி ஃபார்மேட் செய்தாலோ நாமே மாற்றினாலோ மட்டும் புதிது வரும்.

‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கொடுத்தால் எண் தெரியும் (கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்). எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 இருந்த இடத்தில் ‘யூயூஐடி=’ (இது மட்டும் பெரிய எழுத்தில்) போட்டு அந்த எண்ணை ஒட்டுங்கள். சேமித்ததும் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ (பட்டியலில் பிழை உண்டா என்று பார்க்கும்), பிறகு ‘மவுண்ட் -ஏ’ (டிஸ்க்குகளை அவற்றின் ஃபோல்டர்களில் இணைக்கும்). பிழை வராத வரை ரீபூட் வேண்டாம்.

பேக்கப் வரியில் ‘நோஃபெயில்’ சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் சொருகாத நாளில் 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். ஸ்டாக் டிஸ்க்குக்கு அதைப் போடவே போடாதீர்கள். அந்த டிஸ்க் இல்லாமல் கணினி எழுந்தால் பில் மென்பொருள் வெற்று ஃபோல்டரில் புதுக் கணக்கு தொடங்கிவிடும், நின்றுபோவதே நல்லது.

நோஃபெயிலிலும் ஒரு குழி உண்டு. பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத இரவில் ஆர்சிங்க் (பேக்கப் நகலெடுக்கும் கட்டளை) எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் உள்ள அதே பெயர் ஃபோல்டரில் கொட்டி நிரப்பிவிடும். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பாயிண்ட் -கியூ’ வைத்துச் சோதித்து, தோற்றால் வெளியேறச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_பைட்
லேபிள் பற்றி. ‘வேலூர்’ கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு (வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி). யூடிஎஃப்-8இல் ஒன்றுக்கு 3 பைட், ஆக 18. எக்ஸ்ட்4 லேபிளுக்கு இடம் 16 பைட்தான். லேபிள் வைக்கும் ‘ஈ2லேபிள்’ கட்டளை எச்சரித்துவிட்டு வாலை வெட்டும். கடைசிப் புள்ளி பாதியில் அறுந்து குப்பை எழுத்தாகும். ‘கடை’ 9 பைட், கொள்ளும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் 32 எழுத்து வரை போகும் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. ஆனாலும் லினக்ஸில் ஆங்கிலச் சிறிய எழுத்து, இடைவெளி இல்லாமல் வைப்பதே என் பரிந்துரை. எமர்ஜென்சி மோடின் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து தெரியாது, அங்கேதான் லேபிளைப் படிக்க வேண்டி வரும்.

வாலாஜா_விண்டோஸ்
விண்டோஸ், காலியாக உள்ள முதல் எழுத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த வால்யூமை வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை எம் முதல் எஸ் வரை ஏதாவது ஒன்றாக மாற்றுங்கள். பென் டிரைவ் அவ்வளவு தூரம் வராது. இசட் பக்கம் போக வேண்டாம், நெட்வொர்க் டிரைவுகள் அங்கிருந்து கீழே இறங்கும். எழுத்தை ரெஜிஸ்ட்ரியில் மவுண்டட்டிவைசஸ் என்ற இடத்தில் நினைவு வைக்கும். ஆகவே அது இந்தக் கணினிக்கு மட்டும். டிஸ்க்கை வேறு கணினியில் சொருகினால் கூட வராது. எழுத்தையே நம்ப வேண்டாம் என்றால் ‘மவுண்ட்வால்’ என்று தட்டுங்கள், ஒவ்வொரு வால்யூமின் ஜியூஐடி (அடையாள எண்) பாதையும் வரும்.

குடியாத்தம்_ஸ்டாக்
மிக்க நன்றி. 4 டிபியை ‘டிடி’ வைத்து அப்படியே நகல் எடுத்து வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று மாற்றி மாற்றி வைக்க எண்ணம். யூயூஐடி?

பாலாறு_அட்மின்
டிடி பைட் பைட்டாக எடுப்பதால் யூயூஐடியும் அதேதான் வரும். இரண்டையும் ஒன்றாகச் சொருகினால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. எக்ஸ்எஃப்எஸ்ஸாக (இன்னொரு ஃபைல் சிஸ்டம்) இருந்தால் இரண்டாவதை மறுக்கும். எக்ஸ்ட்4 வாய் திறக்காது. எடுத்துவிட்டிருந்தால் நகலை மட்டும் சொருகி, அன்மவுண்ட் செய்து, ‘ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்’ ஓட்டியபின் ‘டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம்’ (இந்த யூ மட்டும் பெரிய எழுத்து) கொடுங்கள், நகலுக்குப் புது யூயூஐடி வரும்.

உங்கள் தேவைக்கு டிடியே வேண்டாம். புது டிஸ்க்கைத் தனியாக ஃபார்மேட் செய்து ஆர்சிங்க் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே லேபிள், எஃப்எஸ்டேப்பில் பேக்கப் வரிக்கு மட்டும் யூயூஐடிக்குப் பதில் ‘லேபிள்=’ (இதுவும் பெரிய எழுத்தில்). எது சொருகியிருந்தாலும் ஏற்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொருக வேண்டும், கடையில் இருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.