புதுப்பிப்பு: வெயிலில் கேமரா அணைந்தால் பேட்டரி மாற்றுவது போதுமா?

பாலக்காடு பக்கம் நடக்கும் நெம்மாரா–வல்லங்கி வேலா மாதிரி பகல் திருவிழாக்களில் 4கே வீடியோ எடுக்கும்போது கேமரா சூடாகி அணைவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். "வேற பேட்டரி போட்டா சரியாகுமா?" என்று சித்தூர், கொல்லங்கோடு பக்கத்திலிருந்து பலர் கேட்டதால் இது.

ஆகாது. சூட்டில் பெரும்பங்கு சென்சாரிலும் பிராசசரிலும்தான் பிறக்கிறது. பேட்டரியை மாற்றினாலும் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். பல கேமராக்களுக்கு நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 40 டிகிரி; மீன மாத (பங்குனி) வெயிலில் நிற்கும் கருப்பு பாடி அதைச் சுலபமாகத் தாண்டும்.

அதனால் முதலில் குடை. அடுத்து, திரையைப் பாடியிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், பின்பக்கச் சூடு வெளியேறும். நொடிக்கு 60 பிரேம் எடுப்பதை 25 ஆக்குங்கள். நாள் முழுக்க ஒரே இடம் என்றால் டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் பொருத்தி, வெளியிலிருந்து வயர் வழியே மின்சாரம் தருவது) நல்லது, பேட்டரியின் சூடாவது வெளியே போகும். சோனியில் தானாக அணையும் வெப்ப வரம்பை 'ஹை' ஆக்கலாம். ஆனால் பாடி கையைச் சுடும், டிரைபாடில் மட்டும்.

அணைந்ததை ஐஸ் பெட்டியில் வைக்கவே வேண்டாம், உள்ளே ஈரம் கோர்க்கும். நிழலும் விசிறிக் காற்றும் போதும்.

பேட்டரி உப்பிச் சிக்கிக்கொண்டால் குறடு போட்டு இழுக்காதீர்கள். உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். சர்வீஸில் கொடுத்து எடுங்கள். அதை மறுபடி சார்ஜ் போடக்கூடாது.