எல்ஓஆர்னா சிபாரிசு இல்ல தாத்தா

நான்: அண்ணா எம்எஸ் படிக்க எல்ஓஆர், அதான் ரெகமண்டேஷன் லெட்டர், மூணு வேணும்ல, எங்க டிபார்ட்மென்ட் ஹெட், ஹெச்ஓடி சார்ட்ட இன்னிக்கு கேட்டேன், நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாம்மா சைன் போட்டுத் தரேன்னுட்டாரு 😭

தாத்தா: உனக்கு எதற்கம்மா சிபாரிசு? நன்றாகத்தானே படிக்கிறாய்.

சித்தப்பா: சிபாரிசுனா என்ட்ட சொல்லு பாப்பா, நம்ம வார்டு கவுன்சிலர் லெட்டர்பேடு என் வண்டி டிக்கிலயே கெடக்கு 😂

அண்ணன்: ஐயோ அது இல்ல சித்தப்பா. அமெரிக்கால சேரணும்னா பாடம் எடுத்தவங்க இந்தப் புள்ள எப்படின்னு எழுதணும், அத இவ கையில தரக்கூட மாட்டாங்க, அப்ளிகேஷன்ல இவ அவங்க மெயில் ஐடி போட்டா யுனிவர்சிட்டில இருந்து அவங்களுக்கே லிங்க் போகும், அவங்களே அப்லோட் பண்ணணும். லெட்டர நான் பாக்க மாட்டேன்னு ஒரு டிக் வரும் பாரு, அதப் போட்டுரு

அத்தை: இவளே எழுதிக் குடுத்தா யாருக்குடா தெரியப்போவுது

அண்ணன்: என் பேட்ச்ல ஒருத்தன் மூணையும் ஒரே ராத்திரில எழுதுனான் அத்த, மூணு புரொஃபசரும் ஹார்ட்வொர்க்கிங் அண்ட் சின்சியர், மூணுலயும் ஒரே ஸ்பெல்லிங் மிஸ்டேக்கு 🤦

நான்: சாருக்கு என் பேரே தெரியாதுண்ணா, ரோல் நம்பர் என்னன்னுதான் கேட்டாரு

அண்ணன்: அப்புறம் ஏன் அவர்ட்ட போன

நான்: ஹெச்ஓடின்னா வெயிட்டா இருக்கும்னு...

அண்ணன்: உன்ன தெரிஞ்சவங்க யாரு அத சொல்லு

நான்: ப்ராஜெக்ட் கைடு மேடம். ஆனா வெறும் அசிஸ்டன்ட் புரொஃபசர். ரிவ்யூக்கு மொத நாள் கெப்பாசிட்டர ப்ளஸ் மைனஸ் மாத்திப் போட்டு டப்புன்னு வெடிச்சுருச்சு, லேப் பூரா நாத்தம், பூட்டுற வரைக்கும் உக்காந்து திரும்ப சால்டர் பண்ணேன், மேடமும் வீட்டுக்குப் போகாம கூடவே இருந்தாங்க

அண்ணன்: அடிப்பாவி இவங்கள வச்சுக்கிட்டா அவர் பின்னாடி சுத்துற! டெட்லைன் எப்ப?

நான்: டிசம்பர் 15

அண்ணன்: அக்டோபர் முடியப்போவுது, நவம்பர்ல எக்ஸாம் வந்துரும். மார்க்‌ஷீட், ரெஸ்யூமே, ஏன் இந்தப் படிப்புன்னு நீ எழுதுற எஸ்ஓபி, எந்த யுனிவர்சிட்டிக்கு எந்த தேதி எல்லாம் ஒரே மெயில்ல போடு. அமெரிக்கா ஈஸ்டர்ன் டைம் ராத்திரி 11.59ன்னா நமக்கு 16 காலைல பத்தரை, ஆனா மேடம்ட்ட 5ம் தேதின்னே சொல்லு. ஜிமெயில் சில எடத்துல ஒத்துக்க மாட்டாங்க, காலேஜ் மெயில் ஐடியே வாங்கு

நான்: இது ஓகேவா? "ரெஸ்பெக்டட் மேடம், ஐ நீட் எல்ஓஆர் அர்ஜென்ட்லி, கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"

அண்ணன்: கடன் வசூலுக்கா போற? நல்லபடியா எழுத முடியுமா மேடம்னு கேளு, இழுத்தாங்கன்னா வேற ஆளப் பாத்துக்கலாம்

அம்மா: நேர்ல போயி கேளு. நான் முறுக்கு சுட்டுத் தரேன்

அண்ணன்: அம்மா முறுக்கெல்லாம் வேணாம் ப்ளீஸ் 🙏

(மறுநாள்)

நான்: கேட்டுட்டேன்!! பேப்பர் திருத்திட்டு இருந்தாங்க, நிமிந்துகூட பாக்கல, கெப்பாசிட்டர வெடிக்க வச்சவதான, உக்காருன்னாங்க 😳 எழுதித் தரேன் ஆனா வெடிச்சதையும் எழுதுவேன் பரவால்லியான்னு வேற கேட்டாங்க

அண்ணன்: சூப்பர், அதான் வேணும். மிச்சம் ரெண்டு யாரு?

தாத்தா: ஒன்றை நான் எழுதித் தருகிறேன். தலைமையாசிரியர் முத்திரை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.