குடிலுக்குள் இருந்து பறவைப் படம்: 200-500ஆ, 150-600ஆ?

வெள்ளவத்தை_வாசி:
கையில் இருப்பது நிக்கோன் டி7500 கமரா, கூடவே 70-300 மி.மீ. லென்ஸ். கொழும்புக்கு அருகே பெத்தகான ஈரநிலப் பூங்காவின் பறவை பார்க்கும் குடிலில் இருந்தும், தலங்கமக் குளக்கரையில் காருக்குள் இருந்தும் காலை வேளையில் படம் எடுக்க நீண்ட லென்ஸ் ஒன்று தேடுகிறேன். பாவித்த நிலையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்: நிக்கோன் 200-500 எப்/5.6, டாம்ரோன் 150-600 ஜி2. 600 வரை போவதால் டாம்ரோன் பக்கம் மனம் சாய்கிறது. 200-500ஐ வாங்கி, லென்ஸின் நீளத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வேர்ட்டர் போட்டால் 700 வருமே என்றும் ஓர் எண்ணம். முக்காலியும் வாங்க வேண்டுமா?

செந்நாரை:
லென்ஸைப் பார்க்க முதல் தூரத்தைப் பாருங்கள். டி7500 சென்சரின் அகலம் 23.5 மி.மீ. தூரத்தை இதால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. அளவால் பிரித்தால் சட்டகத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். 10 மீற்றரில் 300க்கு 78 செ.மீ., 500க்கு 47, 600க்கு 39.

சிறு மீன்கொத்தி ஏறத்தாழ 16 செ.மீ. நீளம். 10 மீற்றரில் அது 300இல் 1,100 பிக்சல் அளவு, 500இல் 1,900, 600இல் 2,300 வரை வரும். அதாவது 300இல் இருந்து 500க்குப் போவதுதான் பெரிய பாய்ச்சல். அதற்கு மேல் 600 தருவது கொஞ்சம்தான்.

மறுபக்கத்தையும் கணக்கில் எடுங்கள். செந்நாரை நிமிர்ந்து நின்றால் 80-90 செ.மீ. கமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் 500இல் 20 மீற்றருக்குள் வந்துவிட்டால் தலையோ காலோ வெட்டுப்படும். குடிலில் எழுந்து பின்னால் போக இடமில்லை, ஆகவே 200 வரை இறங்கும் சூம்தான் உங்களைக் காப்பாற்றும். அந்த வகையில் இரண்டுமே சரி. நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கிட்டத்தில் ஆழமும் மிகக் குறைவு. 600, எப்/6.3, 10 மீற்றர் என்றால் தெளிவாக விழுவது சுமார் 7 செ.மீ. 5 மீற்றரில் 2 செ.மீ.க்கும் குறைவு. போகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். நெஞ்சில் வைத்தால் கண் மங்கிவிடும்.

ஏரிக்கரை:
டெலிகன்வேர்ட்டரை மறந்துவிடுங்கள். 200-500இல் 1.4 போட்டால் எப்/8 ஆகும், அதாவது உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். டி7500இல் எப்/8க்கு வேலை செய்வது நடுப் போகஸ் புள்ளி ஒன்றே ஒன்றுதான். டாம்ரோனில் போட்டால் எப்/9 அளவுக்குப் போய்விடும், ஓட்டோபோகஸை நம்ப ஏலாது. காலை ஆறரை மணி வெளிச்சத்தில் இப்படி ஒரு ஸ்டொப் போனால் ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) இரட்டிப்பாகும், மீதியை நீங்களே யோசியுங்கள்.

டாம்ரோனுக்கு ஒரு நல்ல புள்ளி உண்டு. போகஸ் தேடும் தூரத்தை வரையறுக்கும் அதன் லிமிட்டரில் 10 மீற்றருக்குள் மட்டும் தேடும் நிலை இருக்கிறது. நிக்கோனில் எல்லாத் தூரமும், அல்லது 6 மீற்றருக்கு அப்பால் மட்டும் என்ற இரண்டுதான். கோரைப் புல்லுக்குள் மஞ்சள் குருகு கிட்ட வந்து நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். லென்ஸ் பின்னணிக்குப் போய்த் திரும்புவதற்குள் குருகு போய்விடும்.

பாரம்: டாம்ரோன் 2 கிலோ அளவு, நிக்கோன் முக்காலிக் காலருடன் 2.3 கிலோ. பஸ்ஸில் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. பணம் இடம் கொடுத்தால் நிக்கோனின் 500 பிஎப் லென்ஸ் வெறும் 1.46 கிலோ. ஆனால் சூம் இல்லை, மேலே சொன்ன செந்நாரைப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

மண்நிறம்:
முக்காலி இப்போது வேண்டாம். குடிலின் பலகைத் தரையில் ஒருவர் நடந்தாலே முக்காலி ஆடும், இடத்தையும் அடைக்கும். சன்னல் விளிம்பிலும் கார்க் கதவிலும் இரண்டு மூன்று கிலோ பை ஒன்றை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். அரிசி, பயறு போட்டால் நம் ஈரப்பதத்துக்கு வண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் மணிகள் போடுங்கள். பையில் கிடந்தாலும் விஆரை (லென்ஸின் அதிர்வுத் தணிப்பை) நோர்மலில் விட்டுவிடலாம். காரின் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

இரண்டு லென்ஸும் சூம் செய்தால் முன்னால் நீளும். பறவை பார்க்கும்போது நீட்டாதீர்கள், அது உட்கார முதல் தேவையான அளவுக்கு வைத்துவிடுங்கள். குழலைத் துவாரத்துக்கு வெளியே அதிகம் நீட்டவும் வேண்டாம். ஷட்டர் சத்தத்தைக் குறைக்க டி7500இன் கியூ நிலை இருக்கிறது.

துணி விஷயம்: இராணுவ உடையை ஒத்த புள்ளித் துணியைக் கொழும்பில் போடவே வேண்டாம். சாதாரணக் கரும்பச்சையும் மண்நிறமும் போதும். தியவன்னா கரையில் பாராளுமன்றத்தை நோக்கி நீண்ட லென்ஸைத் திருப்புவதும் வீண் கரைச்சல்.

வெள்ளவத்தை_வாசி:
நன்றி. 200-500 என்றே முடிவு. பாவித்ததில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏரிக்கரை:
முதலில் பூஞ்சணம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, முன்னால் டோர்ச் அடித்துப் பின்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தூசி நான்கைந்து இருந்தால் பரவாயில்லை.

பிறகு சுவரில் பத்திரிகைத் தாளை நேராக ஒட்டி, 500இல் எப்/5.6 வைத்து எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கண்ணாடி விலகியிருக்கிறது. எல்லாமே ஒரே அளவாக மங்கினால் லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து) ஒன்று எடுத்துப் பாருங்கள். அது கூர்மையாக வந்தால் கமராவின் ஏஎப் ஃபைன் டியூன் என்ற ஓட்டோபோகஸ் திருத்தத்தில் சரிசெய்யலாம். −20 முதல் +20 வரை இடம் உண்டு.

வாங்கிய பின் 40-50 வீத ஈரப்பதத்தில் உலர் பெட்டிக்குள் வையுங்கள். ஏசி அறையில் இருந்து எடுத்தால் பையைத் திறக்காமல் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். உடனே திறந்தால் முன்கண்ணாடியில் வியர்க்கும். அதைச் சட்டையால் துடைக்கப் போய்க் கீறல் விழுத்தாதீர்கள்.