விண்கல்லில் ரோபோ சுரங்கம்: நடக்கிற காரியமா?

நிலவன்:
பூமியில் சுரங்கம் தோண்டினால் காடு போகிறது, ஊர் போகிறது. விண்கற்களிலோ நிக்கலும் பிளாட்டினமும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. மனிதர் போக வேண்டாம், ரோபோக்களே தோண்டி எடுத்துவரட்டும். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியுகு விண்கல்லின் மண்ணை 2020-இல் கொண்டுவந்துவிட்டதே. இன்னும் என்ன தயக்கம்?

கதிர்வேல்:
கொண்டுவந்தது 5.4 கிராம், நண்பரே. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 7 வருடம் அலைந்து, நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, பென்னு என்ற விண்கல்லிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம். பென்னுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். கலத்தின் ரோபோ கை தரையைத் தொட்டதும் அரை மீட்டர் போல உள்ளே அமிழ்ந்தது. உந்துபொறிகளை இயக்கி மேலே கிளம்பியதால் தப்பித்தது. கல் சிக்கி மூடி சரியாக மூடாமல், எடுத்த மண் சிந்திக்கொண்டே இருந்தது. ஈர்ப்பு அநேகமாக இல்லாத இடத்தில் துளை போட்டால் இயந்திரம்தான் பின்னால் தள்ளப்படும். இதற்கு யாரிடம் விடை இருக்கிறது?

நிலவன்:
அது ஆய்வுக்குப் போன கலம். இலக்கே 60 கிராம்தான். இரண்டு மடங்கு கிடைத்தது. அதைத் தோல்வி மாதிரி சொல்வது நியாயமில்லை.

மலர்விழி:
இரண்டு பேரும் பிளாட்டினத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் தேவைப்படப்போவது தண்ணீர். நிலாவில் நீர் உண்டு என்று சந்திரயான்-1 காட்டிக்கொடுத்தது. தென் துருவப் பள்ளங்களில் உள்ள பனிக்கட்டியை ரோபோக்கள் எடுத்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தால் அங்கேயே எரிபொருள் தயார். பூமிக்கு எதையும் சுமந்து வர வேண்டியதே இல்லை.

கதிர்வேல்:
இந்த வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளங்களில் வெயிலே படாது. சோலார் பலகை உதவாது, குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. செவ்வாயில் நாசாவின் இன்சைட் கலத்தின் துளைக்கருவி 5 மீட்டர் இறங்க வேண்டியது. மண்ணில் பிடிமானம் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் போராடிவிட்டு 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். அது வெயில் படும் இடம்!

சங்கரி:
தோண்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அது யாருக்குச் சொந்தம்? 1967 சர்வதேச விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவைத் தனதாக்க முடியாது. ஆனால் எடுத்த பொருள் எடுத்தவருக்கே என்று அமெரிக்கா 2015-லும் லக்சம்பர்க் 2017-லும் சட்டம் போட்டுவிட்டன. இந்தியாவும் 2023-இல், விண்வெளி வளங்களை எடுப்பதை ஏற்கும், அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ராக்கெட் இல்லாத நாடுகளுக்கு என்ன மிஞ்சும்? எனக்கு இதுதான் பெரிய கவலை.

மலர்விழி:
கவலை நியாயமானது. அதற்காக ஒதுங்கி நின்றால் விதியை மற்றவர்கள்தான் எழுதுவார்கள். சந்திரயான்-2 சோதனைக்கு நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் நிலா மண் மாதிரி செய்தார்கள். தோண்டும் ரோபோவையும் அதே மண்ணில் பழக்கலாமே.

கதிர்வேல்:
பழக்கட்டும், வரவேற்கிறேன். மண் சரி, நிலாவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்புக்கு என்ன செய்வீர்கள்? அங்கே ஒரு ரோபோ ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக் காட்டட்டும். முதலீடு பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.